மேடை உனக்கு, நாற்காலி எனக்கு

முதன்முதலில் ஜாஸ் கேட்டபோது எனக்கு ஒண்ணும் புரியல. பாட்டு எங்கே தொடங்குது, எங்கே திரும்புதுன்னு பிடிபடல. இசை தெரிந்த நண்பரோ, 'ரசிக்கக் கத்துக்கோ, வரலாறெல்லாம் எதுக்கு?' என்றார். அங்கேதான் கோளாறு. வரலாறு தெரிந்த பிறகுதான் என் காது திறந்தது.

நியூ ஆர்லியன்ஸில் அடிமைகள் ஞாயிறுதோறும் கூடி மேளமடித்து ஆடினார்கள். 1817இல் நகர நிர்வாகம் அந்தக் கூடுகையை ஒரே இடத்துக்குள் அடைத்தது. அதுவே காங்கோ சதுக்கமானது. ஜாஸின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. ஆனால் 1917இல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டு வெள்ளையர் குழுவினுடையது. 1927 முதல் ட்யூக் எலிங்டன் வாசித்த ஹார்லெம் காட்டன் கிளப்பில் மேடை கறுப்பருக்கு, நாற்காலி வெள்ளையருக்கு. 1959 ஆகஸ்டில் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வெளியான சில நாளில், தான் வாசித்துக்கொண்டிருந்த அரங்கின் வாசலிலேயே மைல்ஸ் டேவிஸின் மண்டையைப் போலீஸ் உடைத்தது.

இசை வேணும், இசைக்கிறவன் வேணாம். இதற்குப் பேர் ரசனையாம்!

1963 செப்டம்பரில் அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில், தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்புச் சிறுமிகளைக் கொன்றார்கள். நவம்பரில் ஜான் கோல்ட்ரேன் 'அலபாமா'வைப் பதிவு செய்தார். அதில் பாட்டுவரி கிடையாது, சாக்ஸபோன்தான் அழுகிறது. எனக்கு அது ஒப்பாரியாகவே கேட்கிறது. அதை வெறும் சுரங்களாகக் கற்பிப்பவர்கள், பிணத்தை மறைத்துவிட்டு ஒப்பாரியை மட்டும் ரசிக்கச் சொல்கிறார்கள்.

அந்த ரசனையை நான் கற்றுக்கொள்ளப் போவதில்லை.