துரோவாவில் விட்டுவந்த மேலங்கி

பெயர்ப்பலகையில் தெள்ளார் என்று இருந்தாலும், தமிழ் படித்தவர் நாவில் இந்த ஊர் தெள்ளாறுதான். 9ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியப் படையை முறியடித்த இடம். ‘தெள்ளாறெறிந்த’ என்ற அடைமொழி அன்றே அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நந்திக்கலம்பகத்துக்கு அந்த வெற்றியைப் பாடி அலுக்கவே இல்லை. பக்கத்து வந்தவாசியில் 1760இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியதும் பள்ளிப் பாடமாக நமக்குத் தெரியும். தலைவன் என்றால் வென்றவன் என்று சொல்லிச் சொல்லியே பழகிய மண் இது. இங்கே உட்கார்ந்து, தலைவனைப் பற்றி வேறொரு அழகோடு பேசும் மூன்று சிறு கடிதங்களை வாசிப்பதில் எனக்குத் தனி ருசி உண்டு.

தீமோத்தேயுவுக்கு இரண்டு, தீத்துவுக்கு ஒன்று. புதிய ஏற்பாட்டில் தெசலோனிக்கேயருக்குப் பின்னும் பிலேமோனுக்கு முன்னுமாக, அதிகம் ஓசையில்லாமல் இருக்கின்றன. எபேசுவில் இருக்கும் இளைஞன் தீமோத்தேயு. கிரேத்தா தீவில் ஊர் ஊராக மூப்பர்களை ஏற்படுத்த வேண்டிய தீத்து. வயதான பவுல் இருவருக்கும் சபையை நடத்தும் வகை சொல்கிறார். இவை பவுலே எழுதியவைதானா, அவருக்குப் பின் வந்த சீடர் எழுதியவையா என்று அறிஞர்கள் நெடுநாளாக வழக்காடுகிறார்கள். வழக்கு நடக்கட்டும். கை யாருடையதானாலும் அந்தக் கையின் நேர்த்தியைத்தான் நாம் பார்க்கப்போகிறோம்.

முதல் கடிதத்தின் 3ஆம் அதிகாரத்தில் ஒரு பட்டியல் வருகிறது. சபையின் கண்காணி எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். அவசரமாகப் படித்தால் அரசாங்க வேலைக்கான விளம்பரம் போலத்தான் தோன்றும். கொஞ்சம் நிதானமாக, ஒவ்வொரு தகுதியையும் நாவில் வைத்துச் சுவைத்துப் பாருங்கள். குற்றம் சொல்ல இடம் தராதவன், ஒரே மனைவியோடு வாழ்பவன், தெளிந்த புத்தி உள்ளவன், அந்நியரை வீட்டில் ஏற்று உபசரிப்பவன், பிறருக்குக் கற்பிக்கத் தெரிந்தவன், குடிக்கு அடிமையாகாதவன், கை நீட்டாதவன், பணத்தின்மேல் மோகம் இல்லாதவன், தன் வீட்டைச் செம்மையாக நடத்துபவன். எங்கே இருக்கிறது இதில் வெற்றி? அற்புதம் செய்தான், ஆயிரம் பேரைத் திரட்டினான் என்ற பேச்சு எங்கே? ஒரு மனிதனின் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரியக்கூடியவை மட்டுமே இதில் இருக்கின்றன. அவன் அடுப்படிச் சத்தம் கேட்கிற தூரத்தில் வைத்து அவனை அளக்கிறார்கள்.

அந்தப் பட்டியலின் அடுக்கைக் கவனித்தீர்களா? விருந்தோம்பல் முன்னால் வருகிறது. கற்பிக்கும் திறமை அதற்கு அடுத்து நிற்கிறது. யாரும் திட்டமிட்டு வைத்த வரிசை இது என்று நான் வாதிடமாட்டேன். ஆனால் வாசிக்கும்போதெல்லாம் அந்த அண்மை என்னை நிறுத்திவிடுகிறது. அன்றைய சபைகளுக்குக் கோபுரமும் மணியும் கொண்ட கட்டடங்கள் கிடையாது. யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். கதவைத் திறந்து உள்ளே வாருங்கள் என்று சொல்ல மனமில்லாதவன் எந்தக் கூடத்தில் நின்று உபதேசம் செய்வான்? வள்ளுவரும் விருந்தோம்பலை இல்லறவியலில்தான் வைத்தார். அரசனுக்குரிய இறைமாட்சியில் வைக்கவில்லை. இந்தக் கடிதக்காரரோ இல்லறத்தின் குணத்தை எடுத்துத் தலைமையின் தகுதியாக்கிவிடுகிறார். எத்தனை மெல்லிய நகர்த்தல்!

பட்டியலின் கடைசியில் இன்னொரு முத்து. வெளியில் இருப்பவர்களும் அவனைப் பற்றி நல்லபடி சொல்ல வேண்டுமாம். சபைக்காரர்கள் கைதட்டினால் போதாது. அந்த மதத்தைச் சேராத அண்டை வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்கச் சொல்கிறது கடிதம். எங்கள் பக்கத்தில் இதன் பொருளை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வந்தவாசி வட்டாரத்தில் சைவரும் வைணவரும் தமிழ்ச் சமணரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒரே சந்தையில் காய்கறி வாங்குகிறார்கள். பாஸ்டர் ஐயா எப்படிப்பட்டவர் என்பது ஞாயிறு ஆராதனையில் தெரிவதைவிட டீக்கடை பெஞ்சில் சீக்கிரம் தெரிந்துவிடும். ஏறக்குறைய 1900 ஆண்டுகளுக்கு முன் எழுதியவருக்கு அந்த பெஞ்சின் நீதிமன்றத்தைத் தெரிந்திருக்கிறது.

புதிதாக வந்தவனை உடனே பதவியில் ஏற்றாதே, ஏறினால் தலை கனத்துவிடும் என்றும் ஒரு எச்சரிக்கை. உதவிக்காரர்களைப் பற்றிச் சொல்லும்போதும், முதலில் சோதித்துப் பார், பிறகு வேலையைக் கொடு என்கிறார். திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ நினைவுக்கு வராமல் இருக்குமா? தமிழ்நாட்டில் இதற்கு உயிருள்ள சான்று ஒன்று இருக்கிறது. மிஷனரி சீகன்பால்கு 1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அந்தச் சபையில் கடலூரைச் சேர்ந்த ஆரோன் 1718இல் திருமுழுக்குப் பெற்றார். அதன்பின் உபதேசியாராக ஊர் ஊராக நடந்தார். அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது 1733இல். இந்தியர்களில் முதல் சீர்திருத்தத் திருச்சபைக் குரு அவர்தான். நடுவில் 15 ஆண்டுகள். அந்தத் தாமதத்தில் மிஷனரிகளின் தயக்கமும் கலந்திருக்கலாம். ஆனாலும் பட்டம் வந்தபோது ஆரோன் எப்படிப்பட்டவர் என்று கேட்க ஊரில் ஒருவரும் பாக்கி இல்லை.

இப்போது நான் மிகவும் விரும்பும் இடம். முதல் கடிதத்தின் 5ஆம் அதிகாரத் தொடக்கம். தவறு செய்த முதியவரை எப்படித் திருத்துவது என்று இளம் தலைவனுக்குச் சொல்கிறார் பெரியவர்: அதட்டாதே, அப்பாவிடம் பேசுவதுபோல் பேசு. இளைஞர்களா, தம்பி அண்ணன் மாதிரி. வயதான பெண்களா, அம்மா மாதிரி. இளம்பெண்களா, தங்கை அக்கா மாதிரி, முழுத் தூய்மையோடு. அவ்வளவுதான், இரண்டே வசனம். தமிழர் காதுக்கு இது வெளியூர்ச் சரக்காகவே படுவதில்லை. பஸ்ஸில் முன்பின் தெரியாதவரை ‘அண்ணே, கொஞ்சம் தள்ளி உட்காருங்க’ என்று சொல்லும் சனம் நாம். அந்த விளிக்குள் இருக்கும் பொறுப்பை இந்த இரண்டு வசனங்கள் அழகாக வெளியே எடுத்துக் காட்டுகின்றன. அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் அதற்குமேல் குரலை எவ்வளவு உயர்த்த முடியும்? கண்டிப்புக்கு விதிமுறை வகுக்க உட்கார்ந்தவர், தண்டனைகளை அடுக்காமல் உறவுமுறையைச் சொல்லி முடித்துவிட்டார். நிர்வாகம் பற்றி எழுதியவர்களில் இத்தனை நாகரிகமான சிக்கனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதே அதிகாரத்தில் கைம்பெண்களின் பட்டியல் ஒன்று. சபை ஆதரிக்க வேண்டியவர்கள், வயது 60க்குக் குறையக்கூடாது. நற்சாட்சியாக எதைக் கேட்கிறார்கள் தெரியுமா? பிள்ளைகளை வளர்த்தாளா, வழிப்போக்கரை வீட்டில் ஏற்றாளா, அடியாரின் காலைக் கழுவினாளா, துன்பப்பட்டவருக்கு உதவினாளா. ஒரு கிழவியின் வாழ்நாள் முழுவதும் யாரும் எழுதிவைக்காத வேலைகள். அவை எல்லாம் சபையின் ஏட்டில் தகுதிகளாக ஏறுகின்றன. புழுதி படிந்த பாதங்களைக் கழுவிய கைகளை யாரோ கவனித்திருக்கிறார்கள் என்ற நினைப்பே நெஞ்சை இளக்குகிறது.

பெண்கள் அமைதியாகக் கற்க வேண்டும், உபதேசிக்கலாகாது என்று இதே கடிதம் 2ஆம் அதிகாரத்தில் சொல்வது எனக்கு முள்தான். அதை மறைத்துவிட்டு நயம் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் இரண்டாம் கடிதத்தைத் திறந்தால், தீமோத்தேயுவின் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று நினைவுகூரும்போது அதே குரல் இரண்டு பெண்களைத்தான் பெயர் சொல்லிப் போற்றுகிறது: பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள். உபதேசம் வீட்டில் எந்தக் குரலில் நடந்தது என்பதை அந்தப் பெயர்களே சொல்லிவிடுகின்றன.

ஆரணிச் சந்தையில் பட்டு தெரிந்தவர்கள் சேலையின் முகப்பைப் பார்த்ததும் சரி என்று சொல்லிவிடமாட்டார்கள்; கரையைப் புரட்டிப் பின்பக்கத்து இழைகளைப் பார்ப்பார்கள். கடிதங்களையும் அப்படிப் புரட்டிப் பார்க்க வேண்டும். பெரிய உபதேசங்களுக்குப் பின்னால், ஓரங்களில், எழுதியவரின் அசல் மனம் தெரியும். இதோ ஒன்று. யார்மேலும் அவசரப்பட்டுக் கை வைத்துப் பட்டம் கொடுக்காதே என்று மிகக் கனமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்து, சிலருடைய பாவம் முன்கூட்டியே தெரியும், சிலருடையது பின்னால்தான் தெரியும் என்ற ஆழமான வார்த்தை வரப்போகிறது. இரண்டுக்கும் நடுவில் திடீரென்று, இனிமேல் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்காதே, உன் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் நோவுக்கும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்கிறார்! இலக்கண வாத்தியார் யாரிடமாவது காட்டினால், இந்த வரி இங்கே எதற்கு என்று சிவப்பு மையில் அடித்துவிடுவார். எனக்கு இதுதான் அதிகாரத்தின் கண்மணி. குடிக்கு அடிமையாகாதே என்று இரண்டு அதிகாரம் முன்னால் சொன்னவரே, பையன் அந்தப் பேச்சைக் கேட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்கிறானே என்று பதறுகிறார். ஒழுக்கம் பேசும்போது ஆளை மறந்துவிடாத பெரியவர் அவர்.

இன்னொன்று, இரண்டாம் கடிதத்தின் கடைசி அதிகாரத்தில். பவுல் ரோமில் சிறையில் இருக்கிறார். முடிவு நெருங்கிவிட்டது என்று அவருக்கே தெரிகிறது. ஓட்டத்தை முடித்தேன் என்று கம்பீரமாகச் சொன்ன கையோடு வீட்டுச் சாமான் கணக்கு வருகிறது. துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவரிடம் ஒரு மேலங்கியை விட்டுவந்தேன், வரும்போது கொண்டுவா. புத்தகங்களையும் எடுத்து வா, தோற்சுருள்களை மறந்துவிடாதே. குளிர்காலத்துக்கு முன் வந்துவிடப் பார். ஒரு கிழவருக்குக் குளிர்கிறது, அவருக்குப் படிக்க வேண்டியிருக்கிறது. மரணத்தின் முன்னால் நிற்கும் மனிதர் கேட்டவை போர்த்திக்கொள்ள ஒரு துணியும் வாசிக்கச் சில சுருள்களும். உண்ணவும் உடுக்கவும் இருந்தால் போதும் என்று முதல் கடிதத்தில் எழுதியவர், அந்த வார்த்தைக்குள்ளேயே நின்று கேட்கிறார். இந்த மேலங்கி ஆரணிக்காரர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே புரியும். ஒரு துணி உருவாக எத்தனை பேர் கை பட வேண்டும் என்று தெரிந்த ஊர் அது; பழைய துணியை யாரிடமோ கொடுத்துவைத்து ஞாபகம் வைத்திருப்பவரை அங்கே யாரும் கஞ்சன் என்று சிரிக்கமாட்டார்கள். பவுலும் கைத்தொழில்காரர்தான். கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு சேர்ந்து கூடாரம் செய்து பிழைத்தவர். மேலங்கி கேட்ட அதே அதிகாரத்தில் அந்தத் தம்பதிக்கும் நலம் விசாரித்து அனுப்புகிறார்.

தொழில் என்றதும், இந்தக் கடிதங்களின் உறவுக்காரப் பிள்ளை ஒன்றையும் அறிமுகப்படுத்த ஆசை. ‘திதாகே’ என்று பெயர். பன்னிரு அப்போஸ்தலர்களின் போதனை என்று தலைப்பு. 1ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ அதற்குச் சற்றுப் பின்னோ எழுந்தது என்பார்கள். வெகுகாலம் காணாமல் கிடந்து, 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் பிலோதெயோஸ் பிரியென்னியோஸ் என்ற கிரேக்க ஆயர் கண்ணில் பட்டது. அவர் பார்த்த சுவடி 1056இல் படியெடுத்தது. 16 சிறு அதிகாரங்கள். அதில் ஊர் ஊராக வரும் போதகரை எப்படி ஏற்பது என்ற பகுதி இருக்கிறதே, அதன் குறும்புக்கு ஈடில்லை. வருபவரை ஆண்டவரையே வரவேற்பதுபோல் வரவேற்க வேண்டும். ஒரு நாள் தங்கலாம். தேவையானால் இரண்டாம் நாளும். மூன்றாம் நாளும் தங்கினால் ஆள் போலி. புறப்படும்போது அடுத்த ஊர் போய்ச்சேரும்வரைக்கான ரொட்டி கொடுங்கள். பணம் கேட்டால் போலி. ஆவியில் நிறைந்து ‘பந்தி போடுங்கள்’ என்று கட்டளையிட்டவர் அந்தப் பந்தியில் தானே உட்கார்ந்து சாப்பிட்டாலும் போலி! எழுதியவர் எத்தனை பந்திகளில் ஏமாந்திருப்பார் என்று நினைத்துச் சிரிப்பு வருகிறது. சாதாரண வழிப்போக்கர் உங்கள் ஊரிலேயே குடியேற நினைத்தால், தொழில் தெரிந்தவராயின் உழைத்துச் சாப்பிடட்டும் என்கிறது. தொழில் தெரியாதவரையும் விரட்டச் சொல்லவில்லை. சோம்பியிராதபடி ஒரு வழி யோசித்துச் செய்யுங்கள் என்று ஊரின் புத்திக்கே விட்டுவிடுகிறது. களத்து நெல்லுக்கு நாம் வைக்கும் முதல் படி போல முதற்பலனை இறைவாக்கினருக்குக் கொடுங்கள், அப்படி யாரும் ஊரில் இல்லையா, ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று போகிற போக்கில் சொல்லும் அந்த ஒரு வரியின் தாராளத்தை எத்தனை தடவை வாசித்தாலும் தகும்.

துறவிக்கும் போதகனுக்கும் ஒழுக்கம் வகுக்கும் எழுத்து இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. வந்தவாசிக்கு அருகே பொன்னூர் மலை குந்தகுந்தர் தவமிருந்த இடமாகச் சமணர்களால் வணங்கப்படுகிறது. அவர் முனிவர் நெறியைப் பிராகிருதத்தில் எழுதியவர். தமிழிலோ, வீரமாமுனிவர் 1727இல் உபதேசியார்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ இயற்றினார். நம் உரைநடையின் இளம்பருவத்தைப் பார்க்க விரும்புபவர்கள் அதையும் தேடிப் படிக்கலாம்.

மூன்று கடிதங்களும் சேர்த்து 13 அதிகாரங்கள்தான். ஒரு மாலைப்பொழுது போதும். தீத்துவிலிருந்து தொடங்குங்கள், அது மூன்றே அதிகாரம். அதன் கடைசிப் பகுதியில் நியாயசாஸ்திரி சேனாவையும் அப்பொல்லோவையும் வழிக்கு ஒரு குறையும் இல்லாமல் பார்த்து அனுப்பி வை என்று ஒரு வரி வரும். அங்கே கொஞ்சம் நின்று வாசியுங்கள்.