தேய்ப்பதா, கழற்றுவதா?

புணேயின் போசரியில் எங்கள் குடியிருப்பில் வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூரை கிடையாது. என் கார் மேற்குப் பார்த்து நிற்கும். பதினொரு வயது, ஹாலோஜன் விளக்கு. இடப்பக்கம் தண்ணீர்த் தொட்டியின் நிழல். வலப்பக்கம் மதியம் தொடங்கி முழு வெயில். இடது ஹெட்லைட் இன்னும் பளிச்சென்றுதான் இருந்தது. வலது, கண்புரை விழுந்த கண் மாதிரி பழுத்துவிட்டது. ஒரே நாளில் வண்டியில் ஏறிய ஜோடி. மங்கலுக்குக் காரணம் யார் என்று சொல்ல வேறு சாட்சி தேவைப்படவில்லை.

கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர அது கண்ணாடி இல்லை. அம்பாசடரின் வட்ட விளக்கில் இருந்தது அசல் கண்ணாடி. கல் பட்டால் உடையும், ஆனால் பழுக்காது. இன்றைய விளக்கின் முகப்பு பாலிகார்பனேட். 1953ல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெலும், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே கண்டறிந்த பிளாஸ்டிக். எடை கண்ணாடியில் பாதி, கல்லடிக்கு லேசில் அசையாது, எந்த வளைவிலும் வார்க்கலாம். பெரிய பலவீனம், வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகி வெடிப்பு விடும். அதனால்தான் தொழிற்சாலையிலேயே தலைமுடியைவிட மெல்லிய ஒரு கடினப் பூச்சைத் தடவி அனுப்புகிறார்கள். விளக்கின் ஆயுள் என்பது அந்தப் பூச்சின் ஆயுள்தான். நாசிக் சாலையில் ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் தினமும் ஊர்ந்துவிட்டு, படிந்த பொடியைக் காய்ந்த துணியால் துடைக்கிற என்னைப் போன்றவர்கள் அந்த ஆயுளில் பாதியைத் தாங்களே தின்றுவிடுகிறோம்.

ஆகவே எந்த வைத்தியத்தையும் நான் ஒரே கேள்வியால்தான் எடை போடுகிறேன். போன பூச்சுக்குப் பதிலாக என்ன வைக்கிறாய்?

இந்தக் கேள்விக்கு முன் பற்பசை நிற்காது. அது மென்மையான அரைப்பொடி. மேல்மங்கலைக் கொஞ்சம் வழித்தெடுக்கும், அவ்வளவுதான். கொசு விரட்டித் தைலம் அதைவிட மோசம். அதிலுள்ள டீட் பிளாஸ்டிக்கின் தோலையே இளக்கிக் கீறல்களை மூடிவிடுகிறது. நாம் பளபளப்பு என்று பார்ப்பது இளகிய தோலை. கப்பில் திரவத்தைச் சூடாக்கி ஆவி பிடிக்கிற முறைக்கும் இதே கதைதான். கரைப்பான் ஆவி வேலை செய்கிறவர் நுரையீரலுக்கும் போகிறது. மூன்றிலும் வெயிலுக்கு மறைப்பு என்று ஒன்றும் மிஞ்சுவதில்லை.

சாலையோரப் பத்து நிமிடப் பாலிஷுக்கு நானே பலி. ஓர் அக்டோபரில் ஒரு கடையில் மெஷின் வைத்து வழித்தார்கள். கிளம்பும்போது புதுசு மாதிரி இருந்தது. ஏப்ரலில் முன்பைவிட அதிகமாகப் பழுத்தது. மிச்சமிருந்த பழைய பூச்சையும் எடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக்கை வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். பணம் கொடுத்துத் தோலை உரித்துக்கொண்டேன் என்பதுதான் கணக்கு.

முறையான வேலை வேறு மாதிரி. என் வலது விளக்குக்கு ஒரு டிங்கரிங் பட்டறையில் பெயிண்டர் செய்ததை ஒன்றரை மணி நேரம் ஸ்டூல் போட்டுப் பார்த்தேன். சுற்றிலும் மாஸ்கிங் டேப். 800 நம்பர் வாட்டர் பேப்பர், தண்ணீர் விட்டுவிட்டு. முதலில் மஞ்சள் குழம்பாக வழிந்தது. அது வெள்ளையாக மாறும்வரை அவர் அடுத்த தாளுக்குப் போகவில்லை. மஞ்சள் வரும்வரை பழுத்த தோல் பாக்கி என்று அர்த்தமாம். பிறகு 1000, 1500, 2000. இந்தக் கட்டத்தில் பார்த்தால் வயிறு கலங்கும், விளக்கு பால் ஊற்றியதுபோல் வெளுத்து நிற்கிறது. தின்னர் தொடவே இல்லை, ஆல்கஹாலில் துடைத்தார். ஹார்ட்னர் கலந்த கிளியர் கோட்டை முதல் தடவை தூறலாகவும் அடுத்த தடவை நிறைவாகவும் அடித்ததும் வெண்மை கரைந்து உள்ளே பல்பு தெரிந்தது. தென்னிந்தியன் என்றால் இங்கே எல்லாருக்கும் ‘அண்ணா’தான், இரண்டு நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி இந்த அண்ணாவை அனுப்பிவைத்தார்.

இதற்கு மதிப்பெண் எவ்வளவு? அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2018ல் வெளியிட்ட சோதனையில், மங்கிய விளக்கு புதிய விளக்கின் ஒளியில் ஐந்தில் ஒரு பங்குதான் தந்தது. தேய்த்துச் சீராக்கியது சுமார் 70 சதவீதம். கம்பெனி விளக்கை மாற்றினால் முழுதாக 100. வேறு தயாரிப்பு மாற்று விளக்குகள் 83 முதல் 90. எண்களை மட்டும் பார்த்தால் டூப்ளிகேட்கூட தேய்ப்பதைவிட மேல் என்று தோன்றும். நான் அப்படிப் படிக்கவில்லை. மாற்று விளக்குகள் ஒளியின் அளவிலும் குறியிலும் விதிகளைத் தவறவிடும் வாய்ப்பு அதிகம் என்றும் அதே சோதனை சொல்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். லோ பீம் என்பது மேல் விளிம்பு வெட்டிய ஒளி. இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் அந்த விளிம்பு இடதுபுறம் ஏற வேண்டும், நடைபாதையில் வருபவர் தெரிய. வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு வார்த்த நகலை மாட்டினால் அது எதிரே வருகிறவர் கண்ணில் ஏறும். மங்கிய விளக்காவது ஒளியைச் சிதறடித்துப் பலவீனமாகக் கூசவைக்கிறது. தப்பான நகல் பலமாகக் கூசவைக்கும். மங்கலுக்கு மருந்தாக அதிக வாட் பல்பு போடுகிறவர்களைப் பற்றி எழுத இடமில்லை. விளக்கை உள்ளிருந்து வேகவைக்கிறார்கள்.

சென்னைப் புதுப்பேட்டையிலோ இங்கே புணேயின் ஜுனா பஜாரிலோ கிடைக்கும் பழைய ஒரிஜினலை டூப்ளிகேட்டுக்கு மேலே வைப்பேன், ஒரு நிபந்தனையோடு: பின்மூடியைக் கழற்றி உள்ளே பார்க்காமல் வாங்கக்கூடாது. இந்த நிபந்தனையை எனக்குக் கற்றுத் தந்தது என்னுடைய இடது விளக்குதான்.

பெயிண்டர் முடித்துக் கொடுத்த மூன்றாம் இரவு, காம்பவுண்டுச் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினேன். சுவரில் விளக்கின் உயரத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொன்று. ஒரு விளக்கை அட்டையால் மறைத்து மற்றதைப் பார்ப்பது. தேய்த்த வலது விளக்கின் விளிம்பு கீழ்க்கோட்டில் கத்தி வைத்ததுபோல் உட்கார்ந்தது. வெளியே பளிச்சென்று இருந்த இடது விளக்கோ சுவரில் கலங்கிய மோர் நிறத்தில் ஒரு திட்டு. பின்னால் ரப்பர் மூடி பிய்ந்து, எத்தனையோ மழைக்காலம் ஈரம் உள்ளே போயிருக்கிறது. ரிஃப்ளெக்டர் ஈயம் போன பித்தளைப் பாத்திரம். அதை எந்த வாட்டர் பேப்பரும் தொட முடியாது.

போசரியிலேயே, 1967ல் தொடங்கிய மத்திய சாலைப் போக்குவரத்து நிறுவனம் வாகன பாகங்களைச் சோதித்துச் சான்று தருகிறது. ஆனால் ஓடுகிற சொந்தக் காருக்குப் பதினைந்து வருஷம்வரை ஹெட்லைட்டை அளந்து பார்க்க யாரும் கூப்பிடுவதில்லை. லாரிக்கும் டாக்சிக்கும் உள்ள தகுதிச் சோதனை நமக்கு இல்லை. சுவரும் சாக்பீஸும்தான் நமக்குக் கிடைத்த ஆய்வகம்.

என் தீர்ப்பு இது. மங்கலான இடத்தில் ஈரத்துணி வைத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை தெளிந்தால் நோய் வெளித்தோலில். மேலே பூச்சு அடித்துத் தருவதாக இருந்தால் மட்டும் தேய்க்கக் கொடுங்கள், இல்லையென்றால் தொட விடாதீர்கள். நனைந்தும் தெளியவில்லை, உள்ளே ஈரமோ வெடிப்போ ரிஃப்ளெக்டர் மங்கலோ இருந்தால் கம்பெனி விளக்கு. சில ஆயிரத்தில் முடிகிற ஹாலோஜன் வண்டிக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு விளக்கே பல பத்தாயிரம் ஆகிற எல்ஈடி வண்டிக்கு மட்டும் தேய்க்கும் பக்கம் தராசு இன்னும் சாயும். அங்கே முதல் மஞ்சள் தெரிந்த உடனே பூச்சு போட்டுவிடுவது நல்லது.

இடது விளக்கைப் புதிதாக மாட்டி, சாக்பீஸ் கோட்டுக்கு ஸ்க்ரூ திருகியாயிற்று. வலதுக்கு அடுத்த மே முடிந்ததும் மறுபடி ஈரத்துணி.