புள்ளிக்கு அந்தப் பக்கம் தமிழ் உண்டா?

ஆசிரிய நண்பர்களே, தகவல் தொழில்நுட்பப் பாடத்துக்கு நாம் கைமாற்றிக்கொள்ளும் குறிப்புகளில் ஓர் அட்டவணை தவறாமல் வரும். 'டாட் காம்' என்றால் வணிகம், 'டாட் ஆர்க்' என்றால் தொண்டு நிறுவனம், 'டாட் எடு' என்றால் கல்வி, 'டாட் கவ்' என்றால் அரசாங்கம். மனனம் செய், சோதனையில் எழுது, கதை முடிந்தது. இந்த அட்டவணை மீது எனக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, அதை அப்படியே நம்பும் பிள்ளை ஏமாற வாய்ப்பு இருக்கிறது. இரண்டு, அதில் தமிழ் இல்லவே இல்லை.

அட்டவணை சொல்லாதது

எண்களுக்குப் பதில் பெயர்களை வைத்துக் கணினிகளைக் கண்டுபிடிக்கும் முறையை 1983-இல் வகுத்தவர் பால் மொக்கபெட்ரிஸ். அடுத்த ஆண்டு ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் எழுதிய ஆவணத்தில்தான் காம், எடு, கவ், மில், ஆர்க் என்ற பிரிவுகள் வந்தன. 'நெட்' 1985-இல் சேர்ந்தது. அப்போது இணையம் என்பது பெரும்பாலும் அமெரிக்க ஆய்வு வலையமைப்பு. அதனால்தான் வெறும் 'கவ்', 'மில்' இரண்டும் இன்றுவரை அமெரிக்க அரசுக்கும் இராணுவத்துக்கும் மட்டுமே. 'எடு' முகவரியும் 2001-க்குப் பிறகு புதிதாக வேண்டுமென்றால், அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற உயர்கல்வி நிறுவனமாக இருக்க வேண்டும். நம்ம நாட்டுக் கல்வி நிறுவனங்களுக்கு உரியது 'எடு டாட் மை'. அட்டவணை இந்த வேறுபாட்டைச் சொல்வதே இல்லை.

'ஆர்க்' விஷயம் இன்னும் மோசம். அதை வாங்க எந்தச் சான்றிதழும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் பதியலாம். "ஆர்க் என்றால் தொண்டு நிறுவனம், நம்பலாம்" என்று வகுப்பில் படித்த பிள்ளை, நாளைக்கு ஒரு பொய்யான உபகாரச் சம்பள விளம்பரத்தில் அப்பா அம்மாவின் அடையாள அட்டை எண்ணைத் தட்டிவிட்டால் என்ன செய்வது? 'டாட் டிவி' தொலைக்காட்சிக்காகப் பிறந்ததல்ல; துவாலு என்ற குட்டித் தீவு நாட்டின் குறி. 'டாட் ஏஐ' அங்குவிலா தீவின் குறி. ஆக, வாலைப் பார்த்து ஆளை எடை போட முடியாது.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது வேறு. இணைய முகவரியைக் கடித உறை மாதிரி படிக்க வேண்டும். வீட்டு எண், ஜாலான், கிள்ளான், சிலாங்கூர் என்று எழுதுகிறோம். பெரிய இடம் கடைசியில் வருகிறது. இணையத்திலும் அப்படித்தான். முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்பதுதான் தலைமை இடம். 'கவ் டாட் மை' என்ற எழுத்துகள் முகவரியின் நடுவில் வந்து, அதற்குப் பிறகு வேறொரு பெயரும் 'டாட் காம்' என்றும் முடிந்தால், அது அரசாங்கப் பக்கமே இல்லை. இந்த ஒரு பாடம், அட்டவணை முழுவதையும் விடப் பயனுள்ளது.

தமிழில் இருப்பவை

நாட்டுக் குறிகள் ஈரெழுத்து. நம்ம 'மை' 1987-இல் வந்தது. 'எம்ஏ' மொரோக்கோவுக்கு உரியது. உரோமன் அல்லாத எழுத்துகளைச் சோதிக்க 2007-இல் ஐகான் அமைப்பு பதினொரு சோதனைப் பெயர்களை இணையத்தின் வேரில் சேர்த்தது. அவற்றில் தமிழும் ஒன்று. அந்தத் தமிழ்ச் சொல் என்ன தெரியுமா? '.பரிட்சை'. ஆமாம், குறில் 'ரி'. நாம் மாணவர் ஏட்டில் 'பரீட்சை' என்று திருத்துவோமே, அந்தச் சொல்தான். பேச்சு வழக்கு அப்படியே உலக இணையத்தின் வேரில் ஏறிவிட்டது. 'தேர்வு' என்ற நல்ல தமிழ்ச் சொல் கையில் இருக்கும்போது இது தேவையா? பின்னர் சோதனை முடிந்து நீக்கிவிட்டார்கள். ஆனாலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது: இத்தகைய இடங்களில் தமிழாசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நிலையாக வந்தவை மூன்று: .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா. 2010-க்கும் 2011-க்கும் இடையில் இவை வேரில் இடம்பெற்றன. இந்தியாவின் பெயரைக் கவனியுங்கள். இந்தி, வங்காளம், தெலுங்கு, குஜராத்தி, பஞ்சாபி, உருது எல்லாவற்றிலும் 'பாரத்' என்ற சொல்லின் வடிவங்கள். தமிழில் மட்டும் 'இந்தியா'. தமிழர் வாயில் புழங்கும் பெயரையே வைத்தது சரியான தேர்வு என்பேன்.

உள்ளே நடப்பது சுவையானது. கணினி வலையமைப்பு தமிழை நேரடியாகப் படிப்பதில்லை. 'எக்ஸ்என்' என்று தொடங்கி இரட்டைக் கோடு போட்டு, பொருளற்ற உரோமன் எழுத்துச் சரமாக அதை மாற்றிக்கொள்கிறது. நமக்குத் திரையில் தமிழ் தெரியும். இங்கே எழுத்து வடிவம் பாதுகாப்புப் பிரச்சினை ஆகிறது. 'ஔ' ஓரெழுத்து, 'ஒ'வும் 'ள'வும் சேர்ந்தாலும் பார்க்க அதே மாதிரிதான். ஆனால் கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். தமிழ் எண் '௧', 'க' போலத் தெரியும். '௭', 'எ' போலத் தெரியும். ஏமாற்றுக்காரனுக்கு இது போதும். உயிரெழுத்துப் பாடத்தில் 'ஔ' நடத்தும்போது இதையும் ஒரு நிமிடம் சொல்லுங்களேன்.

நம் இடம்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் கடைப் பலகைகளில் தமிழ் இருக்கும். இணைய முகவரி மட்டும் உரோமனில் இருக்கும். மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் நாட்டுக் களப்பெயர் உண்டு. '.மலேசியா' என்று தமிழில் கிடையாது.

காரணம் தொழில்நுட்பம் அல்ல. முரசு அஞ்சல் செயலியை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது. தடை விதியில் இருக்கிறது: நாட்டுப் பெயரை அந்நாட்டின் அதிகாரபூர்வ மொழியில், அல்லது நிர்வாகத்தில் பயன்படும் மொழி என்று அரசு உறுதி செய்யும் மொழியில்தான் கேட்க முடியும். தமிழுக்குச் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் அந்தத் தகுதி சட்டப்படி உண்டு. இங்கே இல்லை.

இன்னொரு வழி '.தமிழ்' என்ற பொதுப் பெயர். காட்டலான் மொழியினர் 2005-லேயே தங்கள் மொழிக்கென்று '.கேட்' பெற்றுவிட்டார்கள். ஆனால் 2012 சுற்றில் விண்ணப்பக் கட்டணமே 185,000 அமெரிக்க டாலர். அடுத்த சுற்றுக்கு 227,000 என்று ஐகான் அறிவித்தது. ஒரு சங்கம் தனியாகத் தூக்கும் சுமை இல்லை. உலகத் தமிழ் அமைப்புகள் சேர்ந்தால்தான் முடியும்.

அதுவரை நம் கையில் இருப்பது வகுப்பறை. பழைய அட்டவணையை அடுத்த தவணைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுவோம். அந்த இடத்தில் மூன்று செய்திகள் போதும்: முகவரியைக் கடைசியிலிருந்து படி, வாலை மட்டும் நம்பாதே, தமிழிலும் களப்பெயர் உண்டு. மூன்றாவதைக் கேட்டதும் "அப்படின்னா மலேசியாவுக்கு ஏன் சார் இல்ல?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல நாம் தயாராக இருப்போம்.