தாகமா, அட்டவணையா?

விளையாடும்போது எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? தாகம் எடுத்தால் குடி என்பார் பாட்டி. தாகம் எடுக்கும் முன்பே குடி என்கிறது பான விளம்பரம். எது சரி? இக்கேள்வியை எடுத்துக்கொண்டு தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ் 2012இல் வெளியிட்ட ஆங்கில நூல் ‘வாட்டர்லாக்டு’. விளையாட்டில் ஆர்வமுள்ள மாணவர்கள் அறிய வேண்டிய நூல் இது. ஆனால் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டிய நூல் அன்று.

1981இல், சுமார் 90 கிலோமீட்டர் தூரமுள்ள காம்ரேட்ஸ் ஓட்டத்தில் ஓடிய ஒரு பெண் நினைவிழந்தார். காரணம் நீர்க்குறைவு அன்று, நீர் மிகுதி. அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்திலுள்ள சோடியம் நீர்த்துப்போகும், மூளை வீங்கும், உயிருக்கே ஆபத்து. இது தெரிந்திருந்தும், 1996இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி மணிக்கு 600 முதல் 1200 மில்லிலிட்டர் வரை குடிக்கலாம் என்றது. 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகமே போதிய வழிகாட்டி என்பது நோக்ஸின் முடிவு. பெரிய நிறுவனங்களின் அறிவுரையையும் ‘சான்று எங்கே?’ என்று கேட்கும் துணிவே இந்நூலின் சிறப்பு.

அதே கேள்வியை நாம் நோக்ஸிடமும் கேட்போம். அவர் காட்டும் சான்றுகள் பெரும்பாலும் நெடுந்தூர ஓட்டக்காரர்களிடமும் படைவீரர்களிடமும் கிடைத்தவை. மே மாதத்தில் தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானத்தில் ஆடும் பள்ளி மாணவனின் நிலை வேறு. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் உடலிலிருந்து ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். சென்னையின் ஈரக்காற்றிலோ வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டும் வியர்வை நீரையும் உப்பையும் கொண்டுபோகும், உடலைக் குளிர்விக்காது. மேலும், ஆட்ட மும்முரத்தில் சிறுவன் தாகத்தைக் கவனிப்பதில்லை. கவனித்தாலும் இடைவேளை விட்டால்தானே குடிக்க முடியும்?

அப்படியானால் நமக்கேற்ற விடை எது? அதை நாமே அளந்து காண வேண்டும். அளப்பது கடினமன்று. பயிற்சிக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு எடை பாருங்கள். பயிற்சி முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, ஈர உடையை மாற்றி மீண்டும் பாருங்கள். ஒருவர் எடை 60 கிலோவிலிருந்து 58.9 ஆகிறது, இடையில் அரை லிட்டர் குடித்திருக்கிறார் என்று கொள்வோம். வெளியேறிய வியர்வை சுமார் 1.6 லிட்டர். எடை குறையாமல் கூடியிருந்தால், தேவைக்கு மேல் குடித்துவிட்டார் என்று பொருள். ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானி இரண்டையும் வைத்து, ஜனவரியிலும் மே மாதத்திலும், மைதானத்திலும் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் அளந்து பாருங்கள். ஆய்வு என்பது இதுதான். புட்டியின் லேபிளைப் பார்த்து எழுதுவது ஆய்வன்று. வியர்வையில் மிகுதியாக வெளியேறுவது சோடியம். இளநீரில் மிகுதியாக இருப்பது பொட்டாசியம். உப்பிட்ட நீர்மோர் எந்த அளவு ஈடு செய்யும் என்பதும் நல்ல ஆய்வுப் பொருளே.

இதற்குப் பெருந்தொகை வேண்டாம். நூறு கிராம் வித்தியாசம் காட்டும் தராசு, வெப்பமானி, மைதானத்தில் அளக்க அனுமதி, பெற்றோரின் ஒப்புதல், வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கும் ஆசிரியர் ஆகியவை போதும். சோதனைக்காக யாரையும் தாகத்தோடு இருத்தக் கூடாது என்ற விதி கட்டாயம் வேண்டும். உடற்கல்விக்கென்றே 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய கல்லூரி நந்தனத்தில் இருக்கிறது, ஐ.ஐ.டி. அடையாற்றை அடுத்து இருக்கிறது. இத்தகைய நிறுவனங்கள் பள்ளி மாணவரின் ஆய்வுக்குக் கைகொடுத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

நோக்ஸ் தம் நாட்டு ஓட்டக்காரர்களை அளந்து, உலகின் அறிவுரையை மறுத்தார். அவரிடம் நாம் கடன்வாங்க வேண்டியது அவருடைய விடையை அன்று; தராசை.