அழகுப் பாசியும் ஓர் எச்சரிக்கை நூலும்

பொன்னேரியிலோ கும்மிடிப்பூண்டியிலோ உள்ள உங்கள் வீட்டுக் கூடத்தில் ஓர் உப்புநீர் மீன்தொட்டி வைக்க ஆசைப்படுகிறீர்கள் என்று கொள்வோம். பவழப்பாறைத் தோற்றம் வேண்டும். ஆனால் பாறை கட்டும் பவழங்களை நம் கடலிலிருந்து எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே கடற்பாசிகளைக் கொண்டே தொட்டியை அழகுபடுத்த எண்ணுகிறீர்கள். எதை வாங்குவது? கடைக்காரர் நிறத்தைக் காட்டுவார். "சீக்கிரம் படரும்" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டதும் நீங்கள் உஷாராக வேண்டும். ஏன் என்பதை ஒரு நூல் விளக்குகிறது.

பிரான்சின் நீஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாந்தர் மெய்னேஸ் எழுதி 1997இல் பிரெஞ்சிலும், 1999இல் 'கொலைகாரப் பாசி' எனப் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்திலும் வெளிவந்த நூல் அது. அதன் கதாநாயகன் காலெர்ப்பா டாக்ஸிபோலியா என்னும் பச்சைப் பாசி. பறவை இறகு போன்ற அழகிய இலைகள். செடி முழுவதும் ஒரே உயிரணு என்றால் நம்புவீர்களா? உள்ளே எண்ணற்ற உட்கருக்கள் மிதக்கின்றன. ஒரு சிறு துண்டு அறுந்து விழுந்தாலும் போதும், காயத்தை அடைத்துக்கொண்டு தனிச் செடியாகிவிடும்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர விலங்குக் காட்சிசாலைத் தொட்டியில் வளர்ந்த ஒரு குலவகை, மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. 1984இல் அந்தக் கட்டடத்துக்கு நேர் கீழே, கடலடியில், ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் பரப்பில் அதே பாசி தென்பட்டது. வெப்பக் கடல் செடிதானே, குளிர்காலத்தில் மடிந்துவிடும் என்று நினைத்தார்கள். மடியவில்லை. ஐந்தாண்டில் ஒரு ஹெக்டேர்; பின்னர் ஆயிரக்கணக்கான ஹெக்டேர். அது தானாகவே வந்தது என்று வாதித்தவர்களுக்கும் மெய்னேசுக்கும் நடந்த வழக்காடலைப் படிக்கையில் துப்பறியும் கதை தோற்றுவிடும்.

குறைகளும் உண்டு. வழக்கில் ஒரு கட்சிக்காரரே தீர்ப்பும் எழுதுவது போன்ற தொனி பல இடங்களில் தட்டுப்படுகிறது. 'கொலைகாரப்' பட்டமும் மிகை. நூல் வந்தபின் மத்தியதரைக் கடலின் பல இடங்களில் அந்தப் பாசி வெகுவாகக் குறைந்துபோயிற்று. ஆனாலும் எச்சரிக்கை பொய்த்துவிடவில்லை: 2000இல் கலிபோர்னியாவின் ஒரு உப்பங்கழியில் அது தலைகாட்டியபோது, தார்ப்பாய் மூடிக் குளோரின் செலுத்தி அழித்து முடிக்க 2006 வரை ஆயிற்று.

நமக்குப் பெரிய குறை வேறொன்று. இதே இனம் இந்தியப் பெருங்கடலில் இயற்கையாகவே வாழ்கிறது. எனவே பெயரை மட்டும் பார்த்து 'இது ஆகும், இது ஆகாது' என்று பட்டியல் போட முடியாது. எந்தக் கடலின் குலவகை, துண்டிலிருந்து எவ்வளவு விரைவில் முளைக்கும் என்பவையே கேட்கவேண்டிய கேள்விகள். அழகுக்காக அன்றி வருவாய்க்காக மண்டபம் பகுதியில் வளர்க்கப்பட்ட அயல்நாட்டுக் காப்பாபைகஸ், குருசடைத் தீவின் பவழங்கள்மீது படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்களே! இவ்வகையில் காசுகளைக் கோத்தது போன்ற ஹாலிமீடா எனக்குப் பிடித்தமானது. நம் மன்னார் வளைகுடாவிலும் உள்ள இனம்; உடலில் சுண்ணாம்பு சேர்ப்பதால் நிதானமாக வளரும். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் வெளுத்துப்போகும், அதுதான் தொல்லை.

தொட்டி அலுத்துப்போனால் பாசியைப் பழவேற்காட்டு ஏரியில் விட்டுவரலாம் என்று இரக்கப்படுபவர்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் ஏரியின் உப்பு குறைவது உண்மை. ஆனால் கோடையில் கடல்நீருக்கு ஈடாகவோ மேலாகவோ ஏறும். முகத்துவாரத்தருகே உப்பங்காற்று தழுவும் கலிபோர்னியக் கழியின் நிலைமைதான். கழிக்கும் பாசியை ஒரு வாளி நல்ல தண்ணீரில் இரண்டொரு நாள் ஊறவைத்து, வெயிலில் சருகாகக் காயவிடுங்கள். பிறகு தென்னை மரத்தடியில் புதைக்கலாம். கடற்கரை ஊர்களில் பாசி பழைய எருதான்.