காற்றிலிருந்து கம்பிக்கு

ரேஞ்ச் ரோவர் பிரியர்களில் இரண்டு கட்சி உண்டு. பி38ஏ என்று அழைக்கப்படும் இரண்டாம் தலைமுறை வண்டியின் ஏர் சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் காயில் ஸ்பிரிங் போடுவது பாவம் என்பது ஒன்று. போடாமல் வைத்துக்கொண்டு அவதிப்படுவது பைத்தியக்காரத்தனம் என்பது மற்றொன்று. இங்கிலாந்தில் எத்தனையோ வீட்டு வாசல்களில், ஜாக்கியும் ஸ்பேனருமாக வார இறுதியில் நடந்து முடிகிற இந்த மாற்று வேலையை எந்தக் கட்சியும் ஒரு கைத்தொழிலாகப் பார்ப்பதில்லை. எனக்கு அது குறை. நன்றாகச் செய்யப்பட்டால் இது ரசிக்கத்தக்க வேலை. அதன் திறமை முழுவதும் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது என்பதுதான் இதில் வேடிக்கை.

கழற்றப்படுகிற பொருளுக்கு முதலில் மரியாதை செய்துவிடுவோம். 1994இல் சாலிஹல் தொழிற்சாலையிலிருந்து வந்த இந்த வண்டியின் நான்கு மூலைகளிலும் ரப்பர் பெல்லோக்கள். எஞ்சின் அறையில் ஒரு கம்ப்ரசரும் வால்வுத் தொகுதியும். சேசிஸில் ஒரு காற்றுத் தொட்டி. சக்கரத்துக்கு ஒன்றாக உயரம் அளக்கும் சென்சார்கள். எல்லாவற்றையும் நடத்த ஒரு கணினி. ஆள் ஏறி இறங்க வண்டி 65 மில்லிமீட்டர் தாழும். நெடுஞ்சாலையில் வேகம் பிடித்தால் 25 மில்லிமீட்டர் தானாகப் பதுங்கும். மேடு பள்ளத்தில் 40 மில்லிமீட்டர் எழும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வித்தைகள். உண்மையான அழகு உள்ளே இருக்கிறது. வண்டியில் பாரம் ஏற ஏற, அதே உயரத்தைக் காப்பாற்ற பெல்லோவில் அழுத்தம் கூட்டப்படுகிறது. அழுத்தம் கூடினால் காற்றின் விறைப்பும் அதே விகிதத்தில் கூடுகிறது. எனவே ஒருவர் தனியாகப் போனாலும், ஐந்து பேர் பெட்டி படுக்கையோடு போனாலும் வண்டி ஏறத்தாழ ஒரே தாளத்தில்தான் ஆடும். எந்தச் சாதாரண எஃகுச் சுருளாலும் இதைச் செய்ய முடியாது. காயில் கட்சிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதே இல்லை.

ஆனால் ரப்பருக்கு வயதாகும். பெல்லோ மடிந்து உருளும் இடத்தில் விரிசல் விழும். வால்வுத் தொகுதிக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையங்கள் இறுகிப்போகும். ஒரு மூலையில் காற்று கசிந்தால், நிறுத்தி வைத்த வண்டியைச் சமமாக வைப்பதாக எண்ணிக்கொண்டு கணினி மற்ற மூன்று மூலைகளையும் அதற்குச் சமமாக இறக்கிவிடும். காலையில் வந்து பார்த்தால் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வண்டி தரையோடு உட்கார்ந்திருக்கும். கசிவை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும், ஓடித் தேயும். பிறகு ஒரு நாள் கணினி கோபித்துக்கொண்டு, மணிக்கு 35 மைலுக்கு மேல் போகாதே என்று எழுத்தில் எச்சரிக்கும். வளையங்களை மாற்றி, பெல்லோக்களைப் புதிதாகப் போட்டு இதைச் சரிசெய்ய முடியும். பொறுமையுள்ளவர்கள் அதைத்தான் செய்கிறார்கள், அவர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு. எல்லோருக்கும் அந்தப் பொறுமை இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

பாவம் என்கிற கட்சிக்கு ஒரு பழைய கதையை நினைவூட்டலாம். 1970இல் முதல் ரேஞ்ச் ரோவர் வந்தபோது அதன் பெயரை நிலைநாட்டியதே காயில் ஸ்பிரிங்தான். அதுவரை லேண்ட் ரோவர்களில் பட்டை ஸ்பிரிங். வடிவமைப்பை நடத்திய ஸ்பென் கிங், முன்னும் பின்னும் நீளமான, மென்மையான காயில்களைப் போட்டார். வயலிலும் ஓடும், சாலையில் சொகுசாகவும் போகும் என்ற அதிசயம் அந்தச் சுருள்களால்தான் நடந்தது. பின்பாரத்தில் தாழாமலிருக்க நடுவில் தனியாக ஒரு சமன்படுத்தும் கருவியும் வைத்திருந்தார். ஆக, காயிலுக்குத் திரும்புவது இந்த வண்டிக்கு அந்நியமான காரியமல்ல. தாத்தா வீட்டுக்குப் போகிற மாதிரிதான்.

இனி அந்தச் சுருளைப் பற்றி. கையில் எடுத்துப் பார்த்தால் அது ஒரு கம்பி மட்டுமே. அமுக்கும்போது கம்பி வளைகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது தன் நீளம் முழுவதும் முறுக்கிக்கொள்கிறது. நேரான இரும்புத் தண்டு ஒன்றை இரு முனையிலும் பிடித்து முறுக்குவதும் இதுவும் ஒரே வேலை. இடம் போதாததால் தண்டைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கம்பியின் கனம் இதில் எவ்வளவு பெரிய சர்வாதிகாரி என்பதைக் கவனியுங்கள்: விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. பத்து சதவீதம் தடிமன் கூடினால் விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். கண்ணால் பார்த்து இரண்டு சுருள்களை ஒன்றென்று நினைக்கிறவர் ஏமாந்துபோவது இங்கேதான். சுற்றுகள் குறைந்தாலும் விறைப்பு கூடும். வண்டியைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்து எறிகிறவர்கள், தாழ்வோடு முரட்டுத்தனத்தையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

நல்ல ஸ்பிரிங்கின் மேற்பரப்பைப் பெயின்டுக்கு அடியில் பார்த்தால் மிக நுண்ணிய குழிகள் இருக்கும். சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளை வேகமாக அடித்து உண்டாக்கியவை. அந்த அடியால் மேல்தோல் இறுகி அமுங்கிய நிலையில் நிற்கிறது. முறுக்கு மிக அதிகமாக விழுவது மேல்தோலில்தான் என்பதால் விரிசல் தொடங்க வேண்டிய இடத்திலேயே அதற்கு எதிர்ப்பு இருக்கிறது. பல ஆண்டுகள், பல லட்சம் தடவை அமுங்கி எழுந்தும் ஒரு கம்பி முறியாமலிருப்பதற்குக் காரணம் இந்தக் குழிகள். பெயின்ட் உரிந்து துருப்பிடித்த இடத்தில் அது முறிவதற்குக் காரணமும் இந்தத் தோல் போனதுதான்.

இப்போது தேர்வு. சொகுசான கார் ஒரு நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரைத் தடவை வரை மேலும் கீழும் ஆட வேண்டும் என்பது பழைய கணக்கு. நொடிக்கு ஒரு முறை ஆட வேண்டுமென்றால், வண்டியின் பாரத்தில் ஸ்பிரிங் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். ஒன்றரை முறைக்கு 11 சென்டிமீட்டர் போதும். மென்மையான ஸ்பிரிங் பெட்டியிலிருந்து வெளியே வரும்போது நம்பமுடியாத நீளமாக இருப்பது இதனால்தான். வாங்குகிறவர் அந்த நீளத்தைக் கண்டு பயந்து குட்டையானதைத் தேடக் கூடாது. முன்னைவிடப் பின் ஸ்பிரிங்குகள் சற்று வேகமாக ஆடும்படி தேர்ந்தால், மேட்டைத் தாண்டியதும் முன்னும் பின்னும் ஒருசேர அடங்கி வண்டி தட்டையாக நிற்கும். மாரிஸ் ஒல்லி என்ற பொறியாளர் 1930களில் அமெரிக்காவில் கண்டு சொன்ன இந்த நுட்பம் இன்றும் செல்லும்.

விற்பவர்களின் பட்டியலில் ‘ஹெவி டியூட்டி’ என்ற சொல் மினுக்கும். வெறும் ஆளோடு கடைக்குப் போய்வரும் வண்டிக்கு அதைப் போட்டால், ஒவ்வொரு சாலை மூட்டும் முதுகெலும்புக்கு வரும். உயரமான ஸ்பிரிங் அதைவிட மோசமான ஆசை. இந்த வண்டியின் முன் ஆக்ஸில் இரண்டு நீண்ட கைகளால் பிடிக்கப்பட்டிருக்கிறது. வண்டியை உயர்த்தினால் ஆக்ஸில் முழுவதுமே சுழன்று, ஸ்டியரிங் தானாக நேருக்கு வரும் குணம் குறையும். தொழிற்சாலை உயரம், தொழிற்சாலை மென்மை: இதற்குமேல் கேட்காதவரே ரசனையுள்ளவர்.

வேலை, இத்தனைக்குப் பிறகு, எளிது. ஷாக் அப்சார்பர் பெல்லோவிலிருந்து தனியாக இருப்பதும், இரு பக்கமும் ஒரே ஆக்ஸிலாக இருப்பதும் பெரிய வரம். சேசிஸை ஸ்டாண்டுகளில் உறுதியாகத் தாங்கவிட்டு, அதன் பிறகே காற்றை விட வேண்டும். தொட்டியில் சுமார் 10 பார் அழுத்தம், கார் டயரைவிட நாலைந்து மடங்கு; குழாயை மெதுவாகத் தளர்த்த வேண்டும், கண்ணாடி அணிந்து. ஷாக்கின் முனையைக் கழற்றினால் ஆக்ஸில் தாழ்ந்து தொங்கும். பிரேக் குழாயும் சென்சார் வயர்களும் இழுபடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இறக்கினால், மேலும் கீழும் இருக்கைத் தட்டுகளைப் பொருத்தி, சுருளைக் கையாலேயே உள்ளே நுழைத்துவிடலாம். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் அந்த ஆபத்தான கருவி பெரும்பாலும் தேவைப்படாது. கம்பியின் முனை தட்டில் உள்ள நிறுத்தத்தில் சரியாக முட்டி உட்கார வேண்டும். உட்காராத ஸ்பிரிங், முதல் திருப்பத்திலேயே டங் என்று குரல் கொடுக்கும்.

ஒருவர் தேர்ந்தவரா என்று அறிய நான் பார்க்கிற இடம் ஒன்று உண்டு. ஆக்ஸிலைப் பிடிக்கும் கைகளை வேலைக்காகத் தளர்த்தியிருந்தால், அவற்றின் ரப்பர் புஷ் போல்ட்களை எப்போது இறுக்குகிறார்? சக்கரங்கள் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டி தரையிறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ்ந்து சீக்கிரம் கிழியும். வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு மூன்று தடவை அமுக்கி ஆட்டி, அது தன் உயரத்துக்கு வந்த பிறகு படுத்துக்கொண்டு கடைசி இறுக்கு கொடுக்கிறவர் கைக்காரர். கொஞ்ச தூரம் ஓட்டி ஸ்பிரிங் படிந்ததும் ஹெட்லைட்டின் சாய்வையும் பார்ப்பார்.

காற்றைக் காணோம் என்று கணினி டாஷ்போர்டில் காட்டும் குறைகூறலை அடக்க ஒரு சிறு மின்பெட்டி விற்கிறார்கள். போட்டால் கணினி சமாதானமாகிவிடும். பல்பைப் பிடுங்குவது, டேப் ஒட்டுவது எல்லாம் அசிங்கம்.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. 2002இல் வந்த அடுத்த ரேஞ்ச் ரோவரில் முன் பெல்லோவும் ஷாக்கும் ஒரே உறுப்பு. அங்கே வீட்டு வாசல் போதாது. 1957 காடிலாக் எல்டொராடோ புரோம் உரிமையாளர்கள் பலர் அக்காலத்திலேயே கசிகிற காற்றைக் கைவிட்டு காயிலுக்கு மாறினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1968 முதல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.ஈ.எல். 6.3இன் காற்றைத் தொடக் கூடாது. 6,526 வண்டிகளே செய்யப்பட்டன. அந்த மிதப்பு போனால் அது வேகமான பெரிய கார் ஒன்று, வேறில்லை.

பி38ஏக்கு என் தீர்ப்பு: பெல்லோக்களும் கம்ப்ரசரும் சேர்ந்து போன, தினமும் ஓட வேண்டிய வண்டியென்றால் தயங்காமல் மாற்றலாம். மாற்றுகிறவர்கள் கழற்றிய ஒவ்வொன்றையும் பெயர் எழுதிக் கட்டிப் பெட்டியில் வையுங்கள். வயர்களை அறுக்காதீர்கள், சேசிஸில் ஓட்டை போடாதீர்கள். நாளை வண்டியை வாங்குகிறவர் காற்றுக்கே திரும்ப விரும்பலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள்.