ஈர நாதம்

செஞ்சிச் சாலையில் உள்ள மண்டகப்பட்டுக் குகைக்கோயிலின் முன்மண்டபத்தில் நின்று ஒருமுறை கைதட்டினால், மகேந்திரவர்மன் குடைவித்த அந்தப் பாறை, அவ்வொலியை ஒரு கணம் தன்னிடம் வைத்திருந்து, ஓரங்கள் மழுங்கிய முணுமுணுப்பாகத் திருப்பிக் கொடுக்கிறது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி மும்மூர்த்திகளுக்கு ஆலயம் சமைத்ததாக விசித்திரசித்தன் என்னும் பட்டப்பெயரோடு அவ்வரசன் அங்கே சாசனம் பொறித்திருக்கிறான். உலோகம் தீண்டாத அந்த எதிரொலியின் சாந்தத்தை நான் வணங்குகிறேன். ஆனால் என் செவி நாளெல்லாம் நாடுவதோ முழுக்க முழுக்க உலோகத்திலேயே பிறக்கும் வேறொரு எதிரொலியை. வால்வு ஆம்ப்ளிபையருக்கு வெளியே, தனிப் பெட்டிக்குள், மெல்லிய சுருள்வில்கள் துடிதுடித்துச் சொட்டும் ஸர்ஃப் கிதாரின் ஈர நாதம் அது.

ஃபெண்டர் நிறுவனம் 1961இல் கொண்டுவந்த 6ஜி15 என்னும் ரிவெர்ப், அதாவது எதிரொலிப் பெட்டியைத்தான் சொல்கிறேன். 1963இன் வைப்ரோவெர்ப் முதலாக ரிவெர்ப் ஆம்ப்ளிபையரின் வயிற்றுக்குள்ளேயே குடியேறிவிட்டதே, அப்புறம் தனிப் பெட்டி எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுடைய ட்வின் ரிவெர்பின் மென்மையை நானும் மறுப்பதில்லை. ஆயினும் உள்ளிருக்கும் ரிவெர்ப், வாசித்து முடித்த ஸ்வரத்தின் மேல் பூசிய சந்தனம் போன்றது. தனிப் பெட்டியிலோ கிதாரின் பச்சை ஒலியே 6கே6 வால்வின் பலத்தோடு சுருள்களை நேரே உதைத்து, நனைந்த தேகத்தோடு ஆம்ப்ளிபையரின் முதல் வால்விலிருந்து கடைசி வால்வு வரை நடந்து வருகிறது. நனைந்த பிறகு சூடேறுவதற்கும், சூடேறிய பிறகு நனைவதற்கும் உள்ள பேதத்தை ஒருமுறை கேட்டவர் மறவார்.

அப்பெட்டியின் மூன்று குமிழ்களில் மிக்ஸரையும் டோனையும் யாரும் திருப்பலாம். ட்வெல் என்னும் குமிழுக்குத்தான் ஞானம் வேண்டும். அதைத் தாழ்த்தினால் ஒலியில் வெறும் பனிமூட்டம் படியும். மிகையாக உயர்த்தினால் சுருள்கள் நிலைகுலைந்து கலகலக்கும். இடையில் ஒரு மயிரிழை ஸ்தானம் இருக்கிறது. உள்ளங்கையின் விளிம்பைப் பிரிட்ஜின் மேல் அழுத்தி, கெட்டியான பிளெக்ட்ரத்தால் தடித்த தந்தியைத் தட்டினால், முதலில் வறண்ட ஒரு தட்டும், அதன் காலடியிலேயே, எங்கள் பக்கத்து ஆழ்கிணற்றில் கூழாங்கல் விழுந்தாற்போல ஒரு ‘சளக்’கும் பிறப்பது அந்த ஸ்தானத்தில்தான். சான்டேஸ் குழுவினரின் ‘பைப்லைன்’ முழுவதும் அந்தச் சளக்கின் மேல் நடக்கிறது. டிக் டேலின் 1962ஆம் வருஷத்து ‘மிஸிர்லூ’வை இதற்கு உதாரணம் காட்டுவோர் தவறுகிறார்கள், நமது பாலபாடமான மாயாமாளவகௌளையின் ஸ்வரங்களிலேயே பாயும் அம்மெட்டின் வேகம் அற்புதமேயானாலும், அந்தப் பதிவில் சுருள்வில்லின் ஈரம் இல்லை.

இக்காலத்து வாலிபர்கள் ஒரு டிஜிட்டல் பெடலை மிதித்து, பெரிய சபாமண்டபத்தின் முழக்கத்தையெல்லாம் ஒரே தந்தியின் மேல் கவிழ்த்துவிட்டு, அதுவே ஸர்ஃப் என்று திருப்தியடைகிறார்கள். தட்டு எது, கார்வை எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளமாகப் போய்விடுகிறது. சொட்டைக் கேட்கும் காது அருகிவருவதை எண்ணும்போது எனக்கு உண்மையாகவே மனம் நோகிறது.

என் காதுக்கு இந்தப் பாடத்தைக் கற்பித்தவர் செஞ்சியில் மைக் செட் கடை வைத்திருந்த ஒரு பெரியவர். பழைய ஆர்கனிலிருந்து கழற்றிய ரிவெர்ப் தொட்டி ஒன்றையும், ரேடியோவிலிருந்து எடுத்த ஈஎல்84 வால்வையும் கொண்டு எனக்கு ஒரு பெட்டி கட்டிக்கொடுத்தார். நான் அவசரப்பட்டு அதை ஆம்ப்ளிபையரின் தலைமேலேயே வைத்து உரக்க வாசித்தேன்; ஸ்பீக்கரின் அதிர்வு சுருள்களுக்குள் ஏறி, கடையே அலறியது. அவர் ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளாமல் பெட்டியை எட்ட நகர்த்தி, முக்காலியின் மேல் பழைய வேட்டியை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் அமர்த்தினார். வால்வு சிவக்கும் வரை காத்திருந்து, விரல் முட்டியால் பெட்டியின் பக்கத்தில் மெல்ல ஒரு தட்டுத் தட்டினார். ஸ்பீக்கரில் மலையிடி ஒன்று உருண்டு சென்று ஓய்ந்தது.

“இடி வந்திடுச்சு தம்பி. இப்ப வாசி” என்றார்.